எரிகின்ற மரமும் நிலைக்கின்ற மரமும்

இல்லம் எழுப்ப முனைவோர் உள்ளத்தில் இந்நாளில் ஓர் ஐயம் எழுவதுண்டு. மரத்தை வெட்டுதல் தகாது எனக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் எனத் தொல்காப்பியம் வகுக்கின்றது. ஆருகத நூல்களும் தாவரங்களை ஒரு பொறியுடைய உயிர்களாகவே கொள்கின்றன. ஆனால், புவி வெப்பமாவதைத் தணிக்க வேண்டுமாயின் மரத்தால் கட்டுங்கள் என்று அறிவியலார் பலர் இன்று கூறுகின்றனர். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணானவையா என்பதை ஆராய்வோம்.

மரம் தாங்கும் கரி

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, அதிலுள்ள கரியைத் தன் உடலாக மாற்றிக்கொள்கின்றது. ஈரம் நீங்கிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. ஒரு கிலோ கரி, காற்றில் இருந்தபோது 3.67 கிலோ கரியமில வாயுவாக இருந்ததாகும். ஒரு கன அடித் தேக்கின் உலர் எடை ஏறத்தாழ 16 கிலோ எனக் கொண்டால், அதில் 8 கிலோ கரியும், அக்கரியின் வழியே 29 கிலோ கரியமில வாயுவும் அடங்கியுள்ளன. மரம் உத்திரமாகவோ கதவாகவோ நிற்கும் வரை அவ்வாயு வெளிப்படாது. மரம் மக்கினாலோ எரிந்தாலோ அது மீண்டும் காற்றிற்கே செல்லும்.

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் மரத்தூண்களும் மேற்கூரைகளும் பல நூற்றாண்டுகளாக நிலைத்துள்ளன. செட்டிநாட்டு இல்லங்களின் பர்மாத் தேக்குத் தூண்களும் அத்தகையனவே. பன்னெடுங்காலத்திற்கு முன் காற்றினின்று நீங்கிய கரி இன்றும் அவற்றுள் உறைகின்றது.

சிமெண்டின் கணக்கு

சிமெண்ட் செய்வதற்குச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டுச் சுடவேண்டும். சூட்டிற்கு எரிக்கும் நிலக்கரி ஒருபுறம் புகையாகின்றது. மற்றொருபுறம், தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் அக்கல்லிலிருந்தே 44 கிலோ கரியமில வாயு பிரிகின்றது. நம் நாட்டில் விற்கும் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றிற்கு ஏறத்தாழ 30 கிலோ வாயு வெளிப்படுவதாகக் கொள்ளலாம். ஆகவே, ஒரு கன அடித் தேக்கு அடக்கி வைத்திருப்பதும் ஒரு மூட்டைச் சிமெண்ட் வெளிவிடுவதும் ஏறத்தாழ ஒரே அளவு.

ஆயிரம் சதுர அடி வீட்டிற்குச் சுமார் 400 மூட்டை சிமெண்ட் செலவாகும். அதனால் வெளிப்படும் வாயு 12 டன். அவ்வீட்டின் நிலைகளுக்கும் கதவுகளுக்கும் 50 கன அடி மரம் இட்டால், அதில் அடங்குவது ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவே. எனவே மரக்கதவு மட்டும் வைத்துவிட்டுக் கடமை முடிந்ததென எண்ணுதல் பொருந்தாது. கூரையிலும் தளத்திலும் சிமெண்டும் இரும்பும் இருக்கவேண்டிய இடத்தை மரம் ஏற்கும்போதே பயன் பெருகுகின்றது. நார்வே நாட்டின் புருமுன்டால் நகரில் 2019ஆம் ஆண்டு 18 மாடிகளும் 85 மீட்டர் உயரமும் கொண்ட கட்டடம், ஒட்டிச் சேர்த்த மரக்கட்டைகளைத் தூண்களாகவும் உத்திரங்களாகவும் கொண்டு எழுந்தது. ஆனால் அத்துணை உயரம் நமக்கு வேண்டுவதில்லை. பனங்கைகளும் வேம்பின் உத்திரமும் ஓடும் கொண்ட கொங்கு நாட்டுப் பழைய வீடுகளே போதிய சான்று.

தடையும் தடைநீக்கமும்

காடுகளைக் காக்கும் நோக்குடன் மத்தியப் பொதுப்பணித் துறை 1993ஆம் ஆண்டு தன் கட்டடப் பணிகளில் மரத்தை விலக்கியது. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவது குறித்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காட்டுமரம் வெட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டைக் காப்பதற்கு அவை இன்றியமையாதவை. எனினும், விலக்கப்பட்ட மரத்தின் இடத்தை இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பிடித்தன. அவற்றை ஆக்குவதற்கும் பெருநெருப்பு வேண்டும். 2020ஆம் ஆண்டு பொதுப்பணித் துறை அத்தடையை நீக்கியது.

இதனால் நாம் அறியவேண்டுவது, மரம் எங்கிருந்து வருகின்றது என்னும் வினா முதன்மையானது என்பதே. இயற்கைக் காட்டின் முதுமரத்தை வெட்டினால், அதனைச் சார்ந்த பறவையும் பூச்சியும் மண்ணுயிரும் அழியும். அக்காட்டின் கரி மீள்வதற்கு நூற்றாண்டுகள் ஆகும். உழவர் தம் நிலத்தில் நட்டு வளர்த்து, வெட்டிய இடத்தில் மீண்டும் நடும் மரம் அத்தகையதன்று. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பு போன்ற மரங்களின் சாகுபடியைக் கொங்கு உழவரிடையே பரப்பி வருகின்றது. திருப்பூரில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் பல இலட்சம் கன்றுகளை நட்டுள்ளது.

நெருப்பெரிச்சலில் நின்று நோக்கினால்

திருப்பூரின் வடபால் உள்ள நெருப்பெரிச்சல், 2011ஆம் ஆண்டு மாநகராட்சியுடன் இணைந்த ஊர். பெயரிலேயே நெருப்பைத் தாங்கிய இவ்வூரில் நின்று பின்னலாடை வட்டாரத்தை நோக்கினால், மரத்தின் இருவகை முடிவும் விளங்கும். சாயமேற்றுவதற்கு நீராவி வேண்டும். கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் காய்ச்சி வற்றச் செய்வதற்கும் நீராவி வேண்டும். நொய்யலைக் காக்கும் அப்பணி நன்றே. ஆயினும் அதற்குரிய கொதிகலன்கள் பலவற்றில் விறகே எரிகின்றது. பல்லாண்டு சேர்த்த கரி ஒரு பொழுதில் புகையாகின்றது. நிலக்கரியினும் விறகு மேல் என்பர். வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தால் அது மெய்யே. எனினும், அம்மரம் வளரும் காலம் முழுவதும் அப்புகை காற்றிலேயே இருக்கும்.

புதுமனைகள் பெருகும் இவ்வட்டாரத்தில் பழைய ஓட்டு வீடுகள் இடிபடுகின்றன. அவற்றின் உத்திரமும் நிலையும் பழைய மரக்கடைக்குச் சென்றால் வேறொரு வீட்டில் இன்னும் ஐம்பதாண்டு நிலைக்கும். விறகோடு விறகாகச் சென்றால் அன்றே முடியும். எந்தப் புது மரத்தையும் வெட்டாமல் செய்யத்தக்க நன்மை இதுவே.

அறநூல் காட்டும் அளவு

கனி நிறைந்த மரத்தைக் கண்ட அறுவர் கதையை நாம் அறிவோம். ஒருவன் வேரோடு வெட்ட நினைத்தான். அடுத்தவர்கள் அடிமரம், கிளை, சிறுகொம்பு, கனி என நினைத்தனர். இறுதியானவன் உதிர்ந்த கனியே போதும் என்றான். அறுவகை இலேசியைகளை விளக்க நேமிசந்திர ஆசாரியரின் கோமடசாரம் கூறும் இவ்வுவமையில் பசி அறுவர்க்கும் ஒன்றே. வேறுபட்டது தீங்கின் அளவு. இல்லறத்தார்க்கு வீடு வேண்டும். கல்லை அகழ்ந்தாலும், சுண்ணாம்பைச் சுட்டாலும், மரத்தை அறுத்தாலும் தீங்கு உண்டு. பயனின்றி மண்ணை அகழ்தலையும் தீ மூட்டுதலையும் தாவரத்தை வெட்டுதலையும் விலக்குமாறு சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் அநர்த்ததண்ட விரதத்தில் பணிக்கின்றது. தேவைக்கு மேல் ஓர் அறை கட்டாதிருத்தலே அனைத்திலும் குறைந்த தீங்கு. அதன்பின், பழைய மரம். அதன்பின், நட்டு வளர்த்த மரம் என வரிசைப்படுத்தலாம்.

கரையானைப் பற்றியும் ஒரு சொல். நஞ்சு தெளித்துக் கொல்லும் நிலை வராமல் முன்னரே காப்பது நம் நெறிக்கு உகந்தது. முன்னோர் மரத்தூணை மண்ணில் ஊன்றாது கல்லின்மேல் நிறுத்தினர். நன்கு உலர்ந்த வயிர மரத்தையே தேர்ந்தனர். மழைநீர் படாதவாறு தாழ்வாரத்தை நீட்டினர். ஈரம் அணுகாத மரத்தைக் கரையான் எளிதில் நாடுவதில்லை.

இல்லத்தார் கூடி ஆய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊர்ப் பூர்வீக வீட்டில் எத்தனை கன அடி மரம் உள்ளது? அவ்வீட்டை இடிக்க நேர்ந்தால் அம்மரம் எங்குச் செல்லும்?

2. நாம் கட்ட எண்ணும் வீட்டில் பயன்படாது பூட்டிக் கிடக்கப்போகும் அறை எது?

3. நாம் இடும் மரத்திற்கு ஈடாக எங்கே, எந்த மரத்தை நட்டு, யார் நீர் ஊற்றுவது?