சார்ஜர் பின் ஆடுதா? பேப்பர் சொருகாதீங்க!

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன், அக்கா வாங்கிய லேப்டாப் உங்க வீட்டில் இருக்கா? கள்ளக்குறிச்சியோ கல்வராயன் மலையோ, ஒயரைச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுதா? கவனியுங்க!

காரணம்: அடிக்கடி இழுப்பதால் சாக்கெட் தளரும், சால்டரிங் விரிசல் விடும். அந்த இடத்தில் மின்தடை கூடும்.

ஆபத்து: பத்தாம் வகுப்பில் படிக்கிற ஜூல் வெப்ப விதிதான். 3 ஆம்பியர் மின்னோட்டம், 1 ஓம் மின்தடை என்றால் 3×3×1 = 9 வாட் வெப்பம், ஒரு சின்ன முனையில்! பிளாஸ்டிக் உருகிடும். பேப்பர் சொருகினால் கோளாறு மறையும், சூடு மறையாது.

செய்ய வேண்டியவை:
1. அதே வோல்ட் உள்ள வேறு சார்ஜர் போட்டுப் பாருங்க. அப்பவும் விட்டு விட்டு ஏறினால் சாக்கெட்தான் கோளாறு.
2. ஆஃப் செய்து, சார்ஜர், பேட்டரி இரண்டையும் கழற்றுங்க. தெரிந்த பெரியவர் துணையோடு மட்டும் திறக்கணும்.
3. சாக்கெட் தனி ஒயரில் இருந்தால் அதே மாதிரி புதுசு மாட்டலாம்.
4. போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் கடைக்காரரிடம் கொடுங்க. சூடு அதிகமானால் போர்டின் செம்புத் தடம் பெயர்ந்திடும்.

ஒயரைப் பிடித்து இழுக்காதீர், பின்னைப் பிடித்து எடுப்பீர்!