தமிழ்ப் பெயரும் டேட்டாபேஸும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் எல்லைப்பகுதி நம்முடையது. கூலியும் சலுகையும் உரியவர் கைக்குப் போய்ச்சேர, ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் கணினியில் பிழையில்லாமல் ஏற வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்கும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: எட்டெழுத்துப் பெயருக்கு எட்டு இடம் போதும்.

உண்மை: அஞ்செட்டி வட்டத்து நாட்றாம்பாளையம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் துணைக்கால், புள்ளி, ஐகாரக் குறி எல்லாம் தனித்தனி. எண்ணினால் 15 குறிகள். யூ.டி.எஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 45 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் எழுத்துகளைச் சேமிக்கும் வார்சார்2 புலத்தின் நீளத்தை, மாற்றிச் சொல்லாதவரை, பைட்டில்தான் அளப்பார்கள். 40 என்று வைத்த புலத்தில் இந்த ஊர் ஏறாது.

நம்பிக்கை 2: கேள்விக்குறிகள் தெரிந்தால் ஃபான்ட் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: ஃபான்ட் இல்லாவிட்டால் பெரும்பாலும் கட்டங்கள்தான் தெரியும், தரவு பத்திரமாக இருக்கும். கேள்விக்குறியே சேமிப்பில் ஏறியிருந்தால் பெயர் அழிந்துவிட்டது. எஸ்.க்யூ.எல். சர்வரில் வழக்கமான வார்சார் புலத்தில் தமிழை ஏற்றினால் இதுதான் நடக்கும். நாட்றாம்பாளையம் 15 கேள்விக்குறிகளாக நிற்கும். மூலப் படிவத்தைப் பார்த்துத் திரும்பப் பதிவதே வழி. அதற்குப் புலம் என்வார்சாராக இருக்க வேண்டும். வினவலில் மேற்கோளுக்கு முன் 'என்' எழுத்தும் வேண்டும்.

நம்பிக்கை 3: திரையில் ஒன்றாகத் தெரிவது கணினிக்கும் ஒன்றே.

உண்மை: தேன்கனிக்கோட்டையின் 'கோ'வில் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றே வரலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாகவும் வரலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். பைட்டை ஒப்பிடும் தேடலோ ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிடும். ஒரே ஊர் இரண்டாகப் பதிவாகும். சேமிக்கும் முன் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்னும் ஒரே சீர்வடிவுக்கு மாற்றிவிட வேண்டும்.

நம்பிக்கை 4: மைஎஸ்க்யூஎல்லில் 'யூ.டி.எஃப்8' என்று வைத்தால் எல்லாத் தமிழும் அடங்கும்.

உண்மை: அந்தப் பெயர் நெடுங்காலமாகக் குறிப்பது 3 பைட் வரை கொள்ளும் வடிவத்தை. அன்றாடத் தமிழ் அதில் அடங்கும். முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்கு 4 பைட் வேண்டும். பழைய நிலப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றுவோர் 'யூ.டி.எஃப்8எம்பி4'ஐயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மென்பொருள் வாங்கும் முன் உங்கள் ஊர்ப் பெயரைப் பதிந்து, தேடி, காப்புப் பிரதியிலிருந்து மீட்டுப் பாருங்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் விற்பவரே திருத்தித் தர வேண்டும். "ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.