நாணயத்தின் பதிவேடு

நுழையும்முன்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. பிறரிடம் பெற்ற பொருளைக் குறிப்பது ஒன்று. செய்தே தீர வேண்டிய கடமையைக் குறிப்பது மற்றொன்று. புறநானூற்றில் பொன்முடியார் இரண்டாம் பொருளிலேயே இச்சொல்லை ஆள்கிறார். ‘நாணயம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. அது காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். கொடுத்த வாக்கும் வாங்கிய பணமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இவ்விரு சொற்களும் உணர்த்துகின்றன. இன்று ஒருவரது நாணயத்தை மூன்று இலக்க எண் ஒன்று அளவிடுகிறது. அவ்வெண் எவ்வாறு உருவாகிறது, எதனால் உயர்கிறது, எதனால் தாழ்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் பென்னாகரம். இவ்வட்டாரத்து உழவர்களுள் பலர் மழையை நம்பிக் கேழ்வரகும் நிலக்கடலையும் பயிரிடுவோர். மழை பொய்க்கும் ஆண்டுகளில் குடும்பத்துடன் பெங்களூருக்குக் கட்டட வேலை தேடிச் செல்வோரும் உண்டு. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தில் வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் கடன் தேவைப்படும். நிலமோ நகையோ உள்ளவர் அதனை அடகு வைத்துப் பணம் பெறலாம். ஏதுமற்ற பெண்களுக்கு வங்கியின் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை.

1989ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை உருவாக்கியது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அன்று தருமபுரியுள் அடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் அரசின் துணையுடன் அமைந்த சுயஉதவிக் குழு இயக்கம் இங்குதான் வேர்விட்டது. 12 முதல் 20 பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தனர்; குறித்த நாளில் கூடினர்; சிறு தொகையைச் சேமித்தனர்; சேர்ந்த பணத்தைத் தமக்குள் கடனாகக் கொடுத்து வாங்கினர். யார் எவ்வளவு சேமித்தார், யார் எந்த நாளில் தவணையைக் கட்டினார், யார் தவறினார் என்பனவெல்லாம் குழுவின் பேரேட்டில் ஏறின.

அதே 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேறொரு தொடக்கம் நிகழ்ந்தது. பொறியாளர் பில் ஃபேர், கணிதவியலாளர் ஏர்ல் ஐசக் ஆகிய இருவரும் 1956இல் தொடங்கிய நிறுவனம், கடன் கேட்பவரின் பழைய கணக்குகளைக் கொண்டு அவரது திருப்பிச் செலுத்தும் வாய்ப்பை எண்ணாக்கும் ஃபைகோ மதிப்பெண்ணை அவ்வாண்டில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. தருமபுரியில் நம்பிக்கையை அளந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த பெண்கள். அமெரிக்காவில் அதனை அளந்தது, யாரையும் நேரில் அறியாத கணக்கீட்டு முறை. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: ஒருவர் இதுவரை எவ்வாறு நடந்துகொண்டார் என்னும் பதிவு.

பேரேடே பிணையானது

குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நபார்டு வங்கி 1992இல் தொடங்கியது. இத்திட்டத்தில் வங்கி சொத்துப் பிணை கேட்கவில்லை. குழுவின் பேரேட்டைக் கேட்டது. ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன் வழங்கல், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கேடு ஆகிய ஐந்தும் ‘பஞ்ச சூத்திரம்’ என வழங்கப்பெறுகின்றன. இவற்றைக் கைக்கொண்ட குழுவை நம்பி வங்கி கடன் அளித்தது. சொத்தில்லாதவருக்கும் நாணயம் உண்டு என்பதையும், அதை எழுதி வைத்தால் அது பிணையாக நிற்கும் என்பதையும் இக்குழுக்கள் மெய்ப்பித்தன.

மூன்று இலக்க எண்

தனிமனிதரின் கடன் வரலாற்றைத் திரட்டும் பணி இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டபோது உருப்பெற்றது. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் பதிவு பெற்று இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தம் கடன்தாரர்களின் விவரங்களை இவற்றுக்கு அனுப்புகின்றன. குறைந்தது 15 நாள்களுக்கு ஒருமுறை இவ்விவரங்கள் புதுப்பிக்கப்பட வேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இவ்விவரங்களிலிருந்து கணக்கிடப்படுவதே கடன் மதிப்பெண். சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். 750க்கு மேற்பட்ட மதிப்பெண்ணைக் கடன் வழங்குவோர் பொதுவாக நன்மதிப்பாகக் கொள்வர். எனினும், எவருக்குக் கடன் வழங்குவது என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்கிறது.

மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவை முதன்மையாக நான்கு:

1. தவணைகளைக் குறித்த நாளில் செலுத்திய ஒழுங்கு. இதுவே தலையாயது.
2. கடன் அட்டையில் அனுமதிக்கப்பட்ட வரம்பில் பயன்படுத்திய அளவு. 50,000 ரூபாய் வரம்பில் 45,000 ரூபாயை எப்போதும் செலவிட்டு வைப்பவர், வருவாய்க்கு மீறி வாழ்பவராகத் தோன்றக்கூடும்.
3. கடன்களின் வகையும் கடன் வரலாற்றின் நீளமும்.
4. அண்மையில் புதிய கடனுக்காகச் செய்த விண்ணப்பங்கள்.

பார்ப்பதும் கேட்பதும்

‘மதிப்பெண்ணை அடிக்கடி பார்த்தால் அது குறைந்துவிடும்’ என்னும் அச்சம் பலரிடம் உள்ளது. இது பிழையான எண்ணம். ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பார்ப்பது ‘மென்வினவல்’ எனப்படும். அதனால் மதிப்பெண் குறைவதில்லை.

கடனுக்கு விண்ணப்பிக்கும்போது நிகழ்வது வேறு. விண்ணப்பத்தைப் பெற்ற வங்கி, விண்ணப்பித்தவரின் அறிக்கையைக் கடன் தகவல் நிறுவனத்திடம் கேட்டுப் பெறுகிறது. இது ‘வன்வினவல்’. எந்த நிறுவனம், எந்த நாளில், எவ்வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்காக வினவியது என்பது அறிக்கையில் பதிவாகிறது. கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வினவிய தடம் நிற்கிறது. ஓரிரு வினவல்களால் பெரிய இழப்பு நேர்வதில்லை. குறுகிய காலத்தில் பல வினவல்கள் அடுக்கடுக்காக வந்தால், விண்ணப்பித்தவர் பண நெருக்கடியில் இருக்கிறார் என்று கணக்கீட்டு முறை கருதுகிறது; மதிப்பெண் சரிகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பென்னாகரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, பொறியியல் கல்லூரியில் சேர 3 இலட்சம் ரூபாய் கல்விக்கடன் கேட்கிறாள் எனக் கொள்வோம். கல்விக்கடனில் பெற்றோரும் இணைக் கடன்தாரர் ஆவதால், வங்கி அவளுடைய தந்தையின் அறிக்கையையும் பார்க்கிறது. இரு மாதங்களுக்கு முன் அவர் இருசக்கர வண்டி வாங்கச் சென்றார். விற்பனை நிலையத்தார் அவருடைய விண்ணப்பத்தை மூன்று நிதி நிறுவனங்களுக்கு அனுப்பினர். பின்பு, ‘ஐந்தே நிமிடத்தில் கடன்’ என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தைக் கண்டு, எவ்வளவு கிடைக்கும் என்று அறியும் ஆவலில் இரு செயலிகளில் தம் விவரங்களை நிரப்பி விண்ணப்பத்தையும் அனுப்பினார். அவர் பெற்றது வண்டிக்கடன் ஒன்றுதான். அறிக்கையிலோ ஐந்து வினவல்கள் நிற்கின்றன. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு தவணையும் தவறவில்லை. ஆயினும், மகளுக்காக வங்கிப் படியேறும் நாளில், பல கதவுகளைத் தட்டியவராக அவர் காட்சியளிக்கிறார்.

விண்ணப்பிக்கும்முன் அவர் தம் அறிக்கையைப் பார்த்திருக்கலாம். வட்டியையும் விதிகளையும் வாய்மொழியாக விசாரித்து ஒப்பிட்டிருக்கலாம். பின்னர், தமக்கேற்ற ஒரே நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கலாம். இனியும் வழி அடைபட்டுவிடவில்லை. புதிய விண்ணப்பங்களை நிறுத்தி, வண்டிக்கடன் தவணையைத் தவறாமல் கட்டிவந்தால், பழைய வினவல்களின் தாக்கம் காலப்போக்கில் தேய்ந்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

• ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்க வேண்டும்.
• கடன் வழங்கும் நிறுவனம் ஒருவரது அறிக்கையைப் பார்க்கும்போது, அவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரவேண்டும். விண்ணப்பிக்காத கடனுக்கு இத்தகைய செய்தி வந்தால், தம் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்துவதாக ஐயுற்று உடனே முறையிடல் வேண்டும்.
• அறிக்கையில் பிழை இருப்பின் முறையிடலாம். 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு பெறலாம்.
• அதன் பின்னும் குறை நீங்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

பிறருக்காகப் போடும் கையொப்பம்

உறவினரோ நண்பரோ வாங்கும் கடனுக்குப் பிணையாளராகக் கையொப்பமிடுவது கிராமங்களில் இயல்பு. அக்கடன் பிணையாளரின் அறிக்கையிலும் இடம்பெறும்; கடன் பெற்றவர் தவறினால் பிணையாளரின் மதிப்பும் குறையும். கல்விக்கடனிலும் இவ்வாறே. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை விலக்கு உண்டு. அதன்பின் மாணவர் தவணை தவறினால், இணைக் கடன்தாரரான பெற்றோரின் பெயரிலும் அக்குறை பதிவாகும். நிலுவையை முழுதும் கட்டாமல், ஒரு பகுதியைச் செலுத்திச் சமரசமாக முடித்துக்கொள்ளும் கடனும் ‘முழுமையாக அடைக்கப்பட்டது’ என்று பதிவாவதில்லை. இவ்வேறுபாட்டைக் கையொப்பமிடும்முன் அறிதல் நன்று.

எண் அறியாதவை

வேலையில்லாக் காலத்தில் தவறிய தவணைக்கும், வசதியிருந்தும் கட்டாத தவணைக்கும் வேறுபாடு காண மதிப்பெண்ணுக்குத் தெரியாது. குழுக் கூட்டத்தில் தவணை கட்டாத பெண்ணிடம் ‘என்ன நடந்தது?’ என்று கேட்பார்கள்; குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் பொறுப்பார்கள். எண் காரணம் கேட்பதில்லை. அதே வேளையில், குழுவிலும் வேண்டியவர் வேண்டாதவர் என்னும் வேறுபாடு புகக்கூடும். தவறியவர் பலர் முன்னிலையில் நாணி நிற்க நேரலாம். எண் சாதியோ முகமோ பார்ப்பதில்லை. இரு முறைகளிலும் நிறையும் உண்டு, குறையும் உண்டு.

இக்குறைகளைச் சட்டமும் நீதிமன்றமும் கவனித்துள்ளன. குறைந்த சிபில் மதிப்பெண்ணைக் காட்டி மாணவரின் கல்விக்கடன் விண்ணப்பத்தை மறுத்தல் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023இல் ஒரு வழக்கில் கூறியது. முதன்முறை கடன் கேட்பவருக்குக் கடன் வரலாறே இராது. அதனை மட்டும் காரணமாக்கி விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025இல் அறிவுறுத்தியது. மறுபுறம், பழைய கடன்களில் தவறிய வரலாற்றைக் காரணமாக்கி, பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை வங்கியொன்று நீக்கியதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. கடன் வரலாறு வேலைவாய்ப்பு வரை நீள்கிறது என்பதை இத்தீர்ப்பு காட்டுகிறது.

இரு பதிவேடுகளின் இணைவு

குழுக் கடன் முன்பு குழுவின் பெயரிலேயே அறியப்பட்டது. குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கிகள் அளிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2016இல் பணித்தது. இதனால், சிற்றூர்ப் பேரேட்டில் பதிந்த ஒரு பெண்ணின் ஒழுங்கு, அவளைக் கண்டிராத நகரத்து வங்கி அலுவலருக்கும் எட்டுகிறது. தையல் எந்திரம் வாங்கவோ பிள்ளையைப் படிக்க வைக்கவோ தனிக்கடன் கேட்கும் நாளில், குழுவில் கட்டிய ஒவ்வொரு தவணையும் அவளுக்காகச் சாட்சி சொல்கிறது. தவறியவையும் அவ்வாறே உடன்வருகின்றன.

குழுப் பெண்கள் தம் பேரேட்டைக் கூட்டந்தோறும் உரக்கப் படித்துச் சரிபார்ப்பது வழக்கம். எழுத்தறியாதவரும் தம் கணக்கைக் காதால் கேட்டறிவர். கண்ணுக்கெட்டாத கணினியில் இருக்கும் கடன் அறிக்கைக்கும் இதே பழக்கம் வேண்டும். அதைப் பார்ப்பதால் குறைவொன்றும் இல்லை. பாராதிருந்தால், பிழையும் மோசடியும் தெரியாமலே நிலைத்துவிடும். தேவைக்கு மட்டும் கடன் கேட்பதும், கேட்குமுன் எண்ணுவதும், பெற்றதை உரிய நாளில் திருப்பித் தருவதும் அன்றும் இன்றும் நாணயத்தின் இலக்கணம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் கூட்டத்தைக் கண்டு, அங்குப் பேணப்படும் கணக்கேடுகளைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘நம்பிக்கையை அளக்க ஏற்றது அறிந்தவர் பேரேடா, அறியாதவர் கணக்கீடா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. மென்வினவல், வன்வினவல் ஆகியவற்றின் வேறுபாட்டை உங்கள் பெற்றோருக்கு விளக்குவது போன்ற உரையாடல் ஒன்றை எழுதுக.