அடிக்கிற டீம் வேணுமா? கடைசி ஆளிலிருந்து கட்டு

"என் டீம்ல ஆறுமே செம அடி அடிக்கும்க்கா. ஆனாலும் தோத்துடறேன்."

தம்பி, உன் குறையும் அதற்கான காரணமும் நீ சொன்ன இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஆறும் அடிக்கப் போனால் வழி திறந்துவிடுவது யார்? லைனில் ஆறு பேரும் ஒரே போல்ட்டை முடுக்கிக்கொண்டு நின்றால் ஷிஃப்ட் முடியும்போது ஒரு வண்டிகூட வெளியே வராது. சூளகிரிப் பையனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓசூர் சிப்காட்டிலிருந்து குருபரப்பள்ளி வரைக்கும் நம்ம பக்கத்து வீடுகளில் பாதி இந்த லைன் வேலையில்தான் ஓடுகிறது.

நான் பேசுவது போகிமான் ஷோடவுனில் ஆடும் ஆறுக்கு ஆறு சிங்கிள்ஸ் ஆட்டத்தைப் பற்றி. ஒன்பதாம் தலைமுறை, ஓயூ பிரிவு. இதற்கு ஸ்விட்ச் மெஷின் வேண்டாம். போன் பிரவுசரில் இலவசமாக ஓடும், டேட்டாவும் அதிகம் தின்னாது. 2016 டிசம்பரில் ஜியோவோடு கைகோத்து இங்கே வந்த போகிமான் கோ மாதிரி தெருத் தெருவாக நடந்து பிடிக்கிற வேலையும் கிடையாது. எல்லாப் போகிமானும் முதல் நாளே கையில் இருக்கும். அம்மாவுக்கு ஆன்லைன் கேம் என்றாலே ரம்மி ஞாபகம்தான் வரும். காசு கட்டி ஆடுவதை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டே தடுத்துவிட்டது, இதில் காசே இல்லை என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிவிடு. பாதி வீட்டுச் சண்டை அதோடு தீரும்.

இப்போது டீம். முதல் இடத்தில் என்ன போடுவது என்று யோசிக்காதே. ஆட்டத்தை முடிக்கப் போகிறவன் யார் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். என் கை எப்போதும் கிங்காம்பிட்டுக்குத்தான் போகும். டார்க், ஸ்டீல் இரண்டும் சேர்ந்த டைப். தாக்குதல் 135, தாங்கும் உடம்பும் உண்டு. அதன் 'சுப்ரீம் ஓவர்லார்ட்' திறனைக் கவனி: உன் பக்கம் விழுந்திருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் 10 சதவீதம் பலம் கூடும். ஐந்து பேரும் போய்க் கடைசியாக இறங்கினால் ஒன்றரை மடங்கு. இறங்கும் நேரத்தில் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்களோ அதுதான் கணக்கு, அவசரப்பட்டு நடுவில் இறக்கினால் நஷ்டம் உனக்கு. 'ஸ்வார்ட்ஸ் டான்ஸ்' ஒரு தடவை ஆடிவிட்டால் தாக்குதல் இரண்டு மடங்கு. வேகம் வெறும் 50 என்றாலும் 'சக்கர் பஞ்ச்' முந்திக்கொண்டு அடிக்கும், ஆனால் எதிராளி அந்த டர்னில் தாக்கினால் மட்டுமே. அவன் தாக்காமல் வேறு மூவ் போட்டால் உன் அடி வீண்.

ஆளை எடுத்தாயிற்று. அடுத்து ஒரு பேப்பரில் எழுது: இவனை யார் நிறுத்துவார்கள்? டீம் கட்டுவதில் முக்கால் வேலை இந்தப் பேப்பர்தான். ஃபைட்டிங் அடி கிங்காம்பிட்டுக்கு நான்கு மடங்கு, ஆகவே கிரேட் டஸ்க், ஜமசென்டா இரண்டையும் எழுது. நீ எத்தனை டான்ஸ் ஆடினாலும் கண்டுகொள்ளாத 'அனவேர்' திறன் உள்ள டொன்டோசோவை எழுது. 'வில்-ஓ-விஸ்ப்' போட்டுச் சுட்டுவிட்டால் தாக்குதல் பாதியாகும், அதையும் எழுது. மற்ற ஐந்து இடங்களும் இந்தப் பட்டியலைக் காலி செய்வதற்குத்தான். உனக்குப் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து உட்கார வைக்கும் இடம் இல்லை அது. பட்டியலில் இருக்கும் ஆளை உன் ஐந்து பேரில் ஒருவர்கூடத் தொட முடியவில்லை என்றால், அந்த ஆள் எதிரில் வரும் நாளெல்லாம் நீ தோற்பாய்.

முதலில் இறங்குவதற்கு கிளிம்மோரா. கையில் 'ஃபோகஸ் சாஷ்' கொடு. முழு உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய ஒற்றை அடி விழுந்தாலும் 1 ஹெச்பியோடு நிற்கும். அதற்குள் 'ஸ்டெல்த் ராக்' போட்டுவிடும். எதிராளி பிசிக்கல் மூவால் அடித்தால் கிளிம்மோராவின் திறனால் அவன் தரையில் விஷ முள்ளும் விழும். கல் போடுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதே. சாதாரண டைப்புக்கு உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் 12.5 சதவீதம் போகும், ராக்குக்குப் பலவீனமானால் 25, வல்கரோனா மாதிரி இரட்டைப் பலவீனம் என்றால் நேராக 50. 'ஸ்பைக்ஸ்' ஒரு அடுக்கு சேர்ந்தால் தரையில் நிற்கிறவனுக்கு இன்னொரு 12.5. ஆக, சாதாரண ஆள் ஒருவன் இரண்டு தடவை உள்ளே வந்தாலே பாதி உயிர் போய்விடும், நீ ஒரு அடியும் அடிக்காமல். கிங்காம்பிட்டின் ஒரே அடியில் விழாமல் தப்பிக்கிற ஆள் விழுவது இந்தக் கல்லால்தான்.

அந்தக் கல்லை எதிராளி 'ரேபிட் ஸ்பின்' போட்டு வழிக்கப் பார்ப்பான். கோஸ்ட் டைப்பின் மேல் ஸ்பின் பலிக்காது. அதனால் இரண்டாவது ஆள் டிராகபல்ட். டிராகன், கோஸ்ட், வேகம் 142. கையில் 'சாய்ஸ் ஸ்பெக்ஸ்' இருந்தால் சிறப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்கு, ஆனால் முதலில் எந்த மூவ் எடுத்தாயோ, வெளியே போய் வரும்வரை அதிலேயே மாட்டிக்கொள்வாய். கிரேட் டஸ்க்கின் சிறப்புப் பாதுகாப்பு 53தான், டிராகபல்ட்டின் 'டிரேக்கோ மீட்டியர்' அதற்குத் தாங்காது.

மூன்றாவது நம்ம பக்கத்து கிரேட் டஸ்க். உன் தரையில் விழும் கல்லை வழிக்கும், வழித்தபடியே வேகமும் ஒரு படி ஏறும். 'நாக் ஆஃப்' போட்டால் எதிராளி கையிலிருக்கும் பொருளைத் தட்டிவிடும். இப்போது பாதிப் பேர் 'ஹெவி-டியூட்டி பூட்ஸ்' மாட்டிக்கொண்டு கல்லின் மேல் ஹாயாக நடக்கிறார்கள். பூட்ஸைத் தட்டிவிட்டால்தான் கிளிம்மோரா பட்ட பாட்டுக்குப் பலன்.

நான்காவது அயர்ன் மோத். டொன்டோசோவுக்கு 'எனர்ஜி பால்' இதன் கையில் இருக்கிறது. 'ஃபயரி டான்ஸ்' அடிக்கும்போதே பாதிக்குப் பாதி வாய்ப்பில் சிறப்புத் தாக்குதல் ஒரு படி ஏறும். இதற்கு 'பூஸ்டர் எனர்ஜி' கொடுப்பார்கள், அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எந்த எண் பெரியதோ அதைத்தான் அந்தப் பொருள் தூக்கிவிடும். வேகத்தில் 252 ஈவியும் (நாமே பங்கிட்டுக் கொடுக்கும் பயிற்சிப் புள்ளி) வேகத்தைக் கூட்டும் டிமிட் நேச்சரும் கொடுத்தால் லெவல் 100-இல் வேகம் 350. ஆசைப்பட்டுச் சிறப்புத் தாக்குதலிலும் 252 போட்டால் அது 379 ஆகிவிடும், பூஸ்டர் அங்கே போய்விடும், வேகம் ஏறாது. சிறப்புத் தாக்குதலில் 124 மட்டும் போடு. 347-இல் நிற்கும். இப்போது வேகம்தான் பெரியது, ஒன்றரை மடங்காகி 525. மீதி 132 ஈவியை உடம்புக்குக் கொடு. டீம்பில்டரில் எண் கண்ணெதிரே தெரிகிறது, ஆனாலும் எத்தனை பேர் இதைப் பார்க்காமல் வருகிறார்கள் தெரியுமா!

ஐந்தாவது இடத்துக்கு ரேஜிங் போல்ட்டைப் போடலாம் என்று உனக்குத் தோன்றும். எலக்ட்ரிக் அடி, டொன்டோசோவுக்கு இன்னொரு மருந்து. போடுவதற்கு முன் கிரவுண்ட் அடியை மட்டும் எண்ணிப் பார். கிளிம்மோராவுக்கு நான்கு மடங்கு, மோத்துக்கு நான்கு மடங்கு, போல்ட்டுக்கு இரண்டு, கிங்காம்பிட்டுக்கு இரண்டு. ஆறில் நான்கு பேர் பலவீனம், தடுக்க ஒருவர்கூட இல்லை. எதிராளி 'எர்த்க்வேக்' பட்டனை அழுத்திவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் அங்கே டிராகனைட். பறக்கிற ஆள், கிரவுண்ட் அடி தொடவே தொடாது. 'டிராகன் டான்ஸ்' ஆடி, 'எக்ஸ்ட்ரீம் ஸ்பீட்' அடித்தால் எதிராளியின் சக்கர் பஞ்ச்சையும் முந்தும். முழு உயிரோடு இருக்கும்வரை 'மல்டிஸ்கேல்' விழும் அடியைப் பாதியாக்கும். கிங்காம்பிட் முடியாத இடத்தில் இவன் முடிப்பான். இப்படி 18 டைப்புக்கும் எண்ணிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். ஒரே டைப்புக்கு நான்கு பேர் பலவீனமாக இருந்து, தாங்க ஆளே இல்லை என்றால் யாரையாவது மாற்று, எவ்வளவு பிடித்த போகிமானாக இருந்தாலும் சரி.

அடிக்காத ஆளுக்கு டீமில் இடம் எதற்கு என்று இன்னமும் முணுமுணுப்பாய் என்றால் ஒரு கதை. 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் தென்கொரியாவின் பார்க் சே-ஜுன் ஜெயித்தார். அது டபுள்ஸ் ஆட்டம். மெகா கியாரடோஸ், கார்சோம்ப் என்று அடிதடி ஆட்கள் இருந்த அவர் டீமில் ஒரு சின்ன அணிலும் இருந்தது: பச்சிரிசு. 'ஃபாலோ மீ' போட்டு எதிராளியின் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவன் நிம்மதியாக அடிக்க நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. யாரும் சீந்தாத அந்த அணிலின் பெயர் அன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. அடிக்கிற டீமுக்குத் தாங்கும் சக்தி குறைவு, அதனால் முதலில் அடிப்பவன் யார் என்பதுதான் பாதி ஆட்டம். முழு வேகம் கொடுத்த கார்சோம்ப் 333, கிரேட் டஸ்க் 300, டிராகபல்ட் 421. ஆனால் அதே கிரேட் டஸ்க் கையில் 'சாய்ஸ் ஸ்கார்ஃப்' இருந்தால் 450, உன் டிராகபல்ட்டையே முந்திவிடும். எதிராளி எதிர்பாராமல் முந்திவிட்டால் 'ஏமாத்தறான்' என்று கத்தாதே, ஸ்கார்ஃபா பூஸ்டரா என்று யோசி. அடுத்து எதிரில் டிரிக் ரூம் டீம் வந்தால் ஐந்து டர்னுக்கு வேகம் தலைகீழாகிவிடும். அந்த ஐந்தையும் உருப்படி இல்லாத ஆட்களை உள்ளே விட்டுக் கடத்து. அப்போது மெதுவான கிங்காம்பிட் உனக்குச் சாதகம் என்பதையும் மறக்காதே.

துல்லியத்தைப் பார்த்து மூவ் எடு. 'ஃபோகஸ் பிளாஸ்ட்' 70 சதவீதம்தான். இரண்டு தடவை தொடர்ந்து பட வேண்டும் என்றால் 49. அதாவது பூவா தலையா. அடி கொஞ்சம் குறைவென்றாலும் தவறாமல் படும் மூவ்தான் எனக்குப் பிடிக்கும். இதில் நண்பர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், போகட்டும்.

டெரா, அதாவது ஒரு போகிமானின் டைப்பை நடு ஆட்டத்தில் மாற்றுவது, ஆட்டத்துக்கு ஒரே தடவைதான். கிங்காம்பிட்டுக்கு டெரா ஃபிளையிங் வைத்தால் நான்கு மடங்காக விழவேண்டிய ஃபைட்டிங் அடி பாதியாகும், கிரவுண்ட் அடி படவே படாது. டிராகனைட்டுக்கு டெரா நார்மல் வைத்தால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் இடி மாதிரி விழும். ரெண்டு பேருக்கும் வேண்டும் என்று திட்டம் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும். ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் ஆறு பேரும் திரையில் தெரிவார்கள் இல்லையா, அந்த நேரத்திலேயே முடிவு செய்: இன்றைக்கு முடிக்கப் போவது யார்? அவனைத் தவிர மற்ற ஐந்து பேரும் செத்தாலும் பரவாயில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன். உயிர் கொஞ்சமாக இருக்கும் கிளிம்மோராவைக் காப்பாற்ற மூன்று தடவை உள்ளே வெளியே மாற்றிக்கொண்டிருந்தால் அந்த மூன்று டர்னில் எதிராளி டான்ஸ் ஆடி முடித்திருப்பான். கிளிம்மோரா விழட்டும். விழுந்தால் அடுத்த ஆளை அடிபடாமல் இறக்கலாம், கிங்காம்பிட்டுக்கும் 10 சதவீதம் கூடும்.

தரவரிசை ஆட்டமான லேடரில் எல்லோருக்கும் தொடக்கப் புள்ளி 1000. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து மனசு வெந்து நைட் ஷிஃப்ட்டுக்குத் தூங்காமல் போகாதே. தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைச் சேமித்து, விடிந்ததும் பார். எந்த டர்னில் தோற்றாய் என்று தேடு, கடைசி டர்னாக அது பெரும்பாலும் இருக்காது. கம்பெனி பஸ்ஸில் ஆடுவதானால் சிக்னல் போன இடத்திலும் டைமர் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பஸ்ஸில் அத்திப்பள்ளி நண்பனோடு சும்மா ஆடு, லேடரை வீட்டு வைஃபைக்கு வைத்துக்கொள்.

தடைப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். ஓட்டெடுப்பு நடத்தி ஒன்றைத் தூக்குவார்கள், இன்னொன்றைத் திரும்பக் கொண்டுவருவார்கள். டீம் கட்டும் முன் அதை ஒரு தடவை பார்த்துவிடு. கட்டியதும் 'எக்ஸ்போர்ட்' அழுத்தினால் டீம் முழுக்க எழுத்தாக வரும், அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிறு எனக்கு லீவு. அந்த டிராகனைட் கையில் நீ 'லைஃப் ஆர்ப்' கொடுத்து வைத்திருப்பதைப் பற்றிப் பேச வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் தன் உயிரிலேயே 10 சதவீதம் போனால் மல்டிஸ்கேல் எங்கேடா நிற்கும்? பூட்ஸை மாட்டு.