எக்ஸெல் பாடம்: பாடல் ஓரிடம், வாரம் வேறிடம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எக்ஸெல் தொகுப்பைத் திறந்து, "இந்தக் கட்டங்கள் நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுகிறார்கள். பிடித்த விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு பழகினால் இது மிக எளிது. எனக்குப் பிடித்தது பீட்டில்ஸ் ராக் இசைக் குழு. அவர்களின் வெற்றிப் பாடல்களை வைத்தே, தகவல்களை வரிசைப்படுத்தும் முறையை இங்கு பார்ப்போம்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உருவான இக்குழு, தனிப் பாடல்களாக வெளியிட்ட இசைத்தட்டுகள் 'சிங்கிள்' எனப்பட்டன. அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை வாரந்தோறும் தரும் ஹாட் 100 பட்டியலில் இவர்களின் 20 சிங்கிள்கள் முதலிடம் பிடித்தன. 1964 ஏப்ரல் 4 தேதியிட்ட பட்டியலில் முதல் ஐந்து இடங்களுமே இவர்களுக்குத்தான்!

இனி எக்ஸெல்லைத் திறந்து, முதல் வரிசையில் பாடல், ஆண்டு, வாரங்கள் என மூன்று தலைப்புகளை டைப் செய்யவும். 'வாரங்கள்' என்பது அமெரிக்காவில் அப்பாடல் முதலிடத்தில் இருந்த வாரங்கள். கீழே இவற்றை அமைக்கவும்.

ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட் – 1964 – 7
கான்ட் பை மீ லவ் – 1964 – 5
லவ் மீ டூ – 1964 – 1
யெஸ்டர்டே – 1965 – 4
ஹே ஜூட் – 1968 – 9
கெட் பேக் – 1969 – 5

1. பட்டியலின் உள்ளே ஏதேனும் ஒரு செல்லில் மட்டும் கிளிக் செய்யவும்.
2. டேட்டா டேப்பில் 'சார்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
3. 'மை டேட்டா ஹேஸ் ஹெடர்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா எனப் பார்க்கவும். இல்லையேல் தலைப்பும் பாடல்களோடு கலந்துவிடும்.
4. 'சார்ட் பை' என்பதில் வாரங்கள், 'ஆர்டர்' என்பதில் 'லார்ஜஸ்ட் டு ஸ்மாலஸ்ட்' எனக் கொடுத்து ஓகே அழுத்தவும்.

ஹே ஜூட் முதலிடத்துக்கு வந்துவிடும். இரண்டு பாடல்களுக்கு 5 வாரங்கள் உள்ளன அல்லவா? 'ஆட் லெவல்' அழுத்தி, இரண்டாவதாக ஆண்டைக் கொடுத்தால் அவையும் ஆண்டுப்படி அமையும்.

இப்போது ஓர் எச்சரிக்கை. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கல்லூரி விடுதியில் நான் நடத்திய வினாடி வினாவுக்காக இதே பட்டியலைத் தயாரித்தேன். வாரங்கள் உள்ள நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து சார்ட் கொடுத்தேன். எக்ஸெல் ஓர் எச்சரிக்கை விண்டோவைக் காட்டியது. படிக்காமலேயே 'கன்டினியூ வித் த கரன்ட் செலக்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிட்டேன். எண்கள் மட்டும் இடம் மாறின; பாடல்கள் நகரவில்லை. ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட் 9 வாரம், ஹே ஜூட் 4 வாரம் என்று ஆகிவிட்டது.

"அதிக வாரம் முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸ் பாடல் எது?" என்ற கடைசிக் கேள்விக்கு ஒரு ஜூனியர் மாணவர் "ஹே ஜூட்" என்றார். தவறு என்றேன். அவர் வாதாடினார், நான் பிரிண்ட் எடுத்த தாளைக் காட்டி வாயை அடைத்தேன். பரிசு வேறு அணிக்குப் போனது. மறுநாள் தவறு தெரிந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கம்ப்யூட்டர் தாளில் இருந்ததால் எல்லோரும் நம்பியதுதான் எனக்கு உறுத்தியது.

அந்த விண்டோ வந்தால், 'எக்ஸ்பேண்ட் த செலக்ஷன்' என்பதையே தேர்ந்தெடுக்கவும். தவறிவிட்டால் உடனே கண்ட்ரோல் + இசட் அழுத்தவும். சேவ் செய்து மூடிவிட்டால் பழைய வரிசை திரும்பாது.

கூட்டிப் பார்த்தால் தவறு தெரியுமே என்கிறீர்களா? தெரியாது. ஆட்டோசம் பட்டனை அழுத்திப் பாருங்கள். சரியான பட்டியலிலும் 31, குழம்பிய பட்டியலிலும் 31தான். எனவே, வரிசைப்படுத்தும் முன் ஒரு பாடலின் விவரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, பின்னர் ஒப்பிடுவதே நல்ல சோதனை.

ஒரு சிறு பயிற்சி: பழைய கேசட்டிலிருந்து ஜான் லெனனின் குரலைக் கம்ப்யூட்டர் மூலம் பிரித்தெடுத்து உருவாக்கிய 'நவ் அண்ட் தென்' 2023இல் வெளியானது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 7ஆம் இடம். இது நம் பட்டியலில் சேருமா? நெடுவரிசையின் தலைப்பு எதைக் குறிக்கிறது என்று நினைவுபடுத்திக்கொண்டு முடிவு செய்யுங்கள்.