முடிவுள்ள விளையாட்டும் முடிவில்லா விளையாட்டும்

நவராத்திரி நெருங்கும்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக் கடைகளில் கொலு பொம்மைகளோடு பல்லாங்குழியும் விற்பனைக்கு வந்துவிடும். அதை ஒருமுறை வாங்கினால் மூன்று தலைமுறைக்கு வரும். ஆட்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு. முடிந்ததும் சோழிகளைப் பையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பல்லாங்குழியில் ஒருவரே தனியாக ஆடும் வகையும் இருக்கிறது. அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்று பாட்டிமார் சொல்வார்கள்.

கணினியிலும் கைபேசியிலும் இதே போல ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டுகள் உள்ளன. அவற்றை ‘சிங்கிள் பிளேயர்’ விளையாட்டு என்கிறார்கள். ஒரு கதை இருக்கும். அல்லது சில புதிர்கள் இருக்கும். விலை கொடுத்து வாங்கி, ஆடி முடித்து, மூடி வைத்துவிடலாம். இன்று நம் மாணவர்களின் கைபேசியில் இருப்பவை பெரும்பாலும் வேறு வகை. அவற்றை ‘லைவ் சர்வீஸ்’ விளையாட்டு என்கிறார்கள். பதிவிறக்க இலவசம். ஆனால் ஆட்டம் முடிவதே இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய ‘சீசன்’ வரும். புதிய உடை, புதிய துப்பாக்கி வண்ணம், புதிய பரிசுப் பெட்டி வரும். வருமானம் அவற்றிலிருந்துதான்.

இந்த இரண்டு வகைகளின் வேறுபாட்டை மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய இடம் வகுப்பறைதான் என்பது என் எண்ணம். அடையாறு பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். என் வகுப்பில் செய்து பார்த்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

ஏன் ஆசிரியர்?

என் மாணவர் ஒருவரின் அம்மா தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். தீபாவளிக்கென்று அவர் கணக்கில் சேர்த்து வைத்திருந்த 3,200 ரூபாய், இருபது, ஐம்பது, எண்பது ரூபாய்களாக இரண்டு மாதத்தில் கரைந்துவிட்டது. மகன் ஒரு விளையாட்டில் உடைகளும் பெட்டிகளும் வாங்கியிருக்கிறான். பெற்றோர் கூட்டத்தில் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “மிஸ், கேம் ஃப்ரீன்னுதான் சொன்னான். ஃப்ரீ சாமானுக்கு எப்படி மிஸ் காசு போச்சு?”

இதற்குச் சட்டம் இல்லையா என்று நாம் நினைக்கலாம். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்து, இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2022-இல் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதன் தொடர்ச்சியாக 2025-இல் வந்த விதிமுறைகளின்படி, பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்கு உட்பட்டோர் பங்கேற்கக் கூடாது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாரும் ஆடக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் இவ்விதிகளை உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமும் இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இவை எல்லாமே பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைப் பற்றியவை. பணம் கொடுத்து, பணமாகத் திரும்பப் பெற முடியாத ஓர் உடையை வாங்குவது பொதுவாக இவற்றுக்குள் வருவதில்லை. அந்த அம்மாவின் 3,200 ரூபாய் சட்டத்தின் வேலிக்கு வெளியே போன பணம். அந்த இடத்தில் மாணவருக்குத் துணையாக இருக்கப்போவது அவருடைய கணக்கறிவும் விழிப்பும்தான்.

தமிழில் பிறந்த ஒரு விளையாட்டு

முடிவுள்ள விளையாட்டு என்றால் என்ன என்று காட்ட நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறிய குழு உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற தமிழ்ப் பெண், அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. ஆடுபவர் செய்ய வேண்டியது சமையல். அம்மாவின் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட வரியை நாம் ஊகிக்க வேண்டும். முதல் புதிர் இட்லி: தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும்? கவின் வளர்ந்தபின் அம்மாவின் தமிழ்க் குறிப்புகளைப் படிக்கத் தடுமாறும் பகுதியும் உண்டு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இது பெற்றது. என் மடிக்கணினியில் இட்லிப் பகுதியை மட்டும் வகுப்புக்குக் காட்டினேன். “அவ்ளோதானா மிஸ்? முடிஞ்சுடுமா?” என்றான் ஒருவன். முடியும் என்றேன். “அப்புறம் அவங்களுக்கு எப்படிக் காசு வரும்?” என்றாள் இன்னொருத்தி. அந்த இரண்டு கேள்விகளுமே பாடத்தின் மையம்.

உலகில் நடப்பது

பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக முடிவில்லா வகையின் பக்கமே சாய்ந்து வருகின்றன. ஒருமுறை விற்பதைவிட மாதந்தோறும் சிறிது சிறிதாக வாங்குவது அவர்களுக்கு லாபம். ஆனால் அந்த வகைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே நேரத்தில் நிறையப் பேர் ஆடினால்தான் அது உயிரோடு இருக்கும். சோனி நிறுவனம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட ‘கான்கார்ட்’ விளையாட்டுக்கு ஆட்கள் சேரவில்லை. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, அதை நிறுத்திவிட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் கதை வேறு. அதில் தனியாக ஆடும் பகுதிகூட எப்போதும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே இயங்கியது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியபோது, விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியவில்லை. விற்ற விளையாட்டை ஆட முடியாதபடி செய்யக் கூடாது என்று ஐரோப்பாவில் தொடங்கிய கோரிக்கையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

அதே சமயம் ஒற்றையாள் விளையாட்டு அழிந்துவிடவும் இல்லை. தனியாகவே ஆடி முடிக்கக்கூடிய ‘பால்டர்ஸ் கேட் 3’, 2023-ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதுகளைக் குவித்தது. புனேயில் உருவான ‘ராஜி’ 2020-இல் நம் புராணக் கதைச் சூழலில் வெளிவந்தது. கதை சொல்ல விரும்புபவர்களுக்கு முடிவு தேவைப்படுகிறது. முடிவு இல்லாமல் வெண்பாவின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

வகுப்பறைச் செயல்பாடு 1: சீதைப் பாண்டி

சீதைப் பாண்டியை ஊருக்கு ஊர் வேறுவிதமாக ஆடுவார்கள். நான் வகுப்பில் பயன்படுத்தும் முறை எளிது. தரையில் சாக்பீஸால் வட்டமாக ஏழு குழிகள் வரையுங்கள். 28 புளியங்கொட்டைகள் போதும். குழிகளில் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2, 1 என இடுங்கள். ஏழு உள்ள குழியை முழுவதும் எடுத்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். கடைசிக் கொட்டை, எடுத்த குழியிலேயே விழும். இப்போது வரிசை 1, 7, 6, 5, 4, 3, 2 என்று ஒரு குழி நகர்ந்திருக்கும். ஏழு முறை செய்தால் பழைய நிலை வந்துவிடும். ஆட்டம் முடிந்தது.

ஆறு குழி என்றால் எத்தனை கொட்டை வேண்டும்? பத்துக் குழிக்கு? மாணவர்களே 21, 55 என்று கண்டுபிடித்து முக்கோண எண்களுக்கு வந்துவிடுவார்கள். கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆட்டம் முடிந்ததை உனக்கு யார் சொன்னது? விதிதான் சொன்னது.

வகுப்பறைச் செயல்பாடு 2: வைரக் கணக்கு

கற்பனையாக ஒரு கடை. 100 வைரம் 80 ரூபாய். ஓர் உடையின் விலை 130 வைரம். உடைக்கு ரூபாயில் எவ்வளவு? மாணவர்கள் உடனே 104 என்பார்கள். ஆனால் வைரம் நூறு நூறாகத்தான் கிடைக்கும். இரண்டு கட்டு வாங்க 160 ரூபாய். மீதி 70 வைரம், அதாவது 56 ரூபாய், கணக்கில் கிடக்கும். அதைப் பயன்படுத்த இன்னும் வாங்கத் தோன்றும். விலையை நேராக ரூபாயில் எழுதாமல் வைரத்தில் எழுதுவது ஏன் என்று அவர்களே சொல்லட்டும்.

வகுப்பறைச் செயல்பாடு 3: பரிசுப் பெட்டி

ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவு பாடத்தோடு இதைச் சேர்க்கலாம். ஒரு பையில் பத்துச் சீட்டுகள்; ஒன்றில் மட்டும் நட்சத்திரம். ஒவ்வொரு மாணவரும் சீட்டை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டு, பத்து முறை எடுக்க வேண்டும். “பத்தில் ஒன்று என்றால், பத்து முறை எடுத்தால் கட்டாயம் கிடைக்கும்” என்றுதான் பெரும்பாலோர் முதலில் சொல்வார்கள். ஒருமுறைகூடக் கிடைக்காமல் போவதற்கான நிகழ்தகவு 0.9-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 0.35. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய 14 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். தம் கண் முன்னால் நண்பர்கள் வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு மனத்தில் பதிகிறது. இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே 2018-இல் பெல்ஜியம் நாடு முடிவு செய்தது என்பதையும் இங்கே சொல்லலாம்.

இதோடு, நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதல்களையும் அறிமுகப்படுத்துங்கள். வாங்குபவரை ஏமாற்றும் 13 வகை ‘டார்க் பேட்டர்ன்’ உத்திகளை அது பட்டியலிடுகிறது. “இன்னும் பத்து நிமிடம்தான்” என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றில் ஒன்று.

மாணவர்கள் உருவாக்கிய விளையாட்டு

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஸ்கிராட்ச் மென்பொருளைக் கொண்டு முடிவுள்ள விளையாட்டு ஒன்றை உருவாக்கச் சொன்னேன். ஒரு குழு லஸ் முனையில் 29சி பேருந்தைப் பிடித்து, மணி அடிப்பதற்குள் அடையாற்றில் இறங்குவதை விளையாட்டாக்கியது. வழியில் மழை, நெரிசல், தவறவிட்ட நிறுத்தம். பள்ளி வாசல் வந்ததும் முடிந்துவிடும்.

அடுத்த வாரம் அதே குழுவிடம், இதில் தினமும் பணம் வர வேண்டும், என்ன மாற்றுவீர்கள் என்று கேட்டேன். “பஸ் சீக்கிரம் வர வைரம் கொடுக்கணும்னு வைக்கலாம் மிஸ்” என்றான் ஒருவன். “எங்களுக்கு பஸ்ஸே ஃப்ரீ, எதுக்குடா வைரம்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள்: “அப்படின்னா பஸ்ஸை நாமளே லேட்டா வர வைக்கணும் மிஸ். சீக்கிரம் வந்தா யாரு காசு கொடுப்பா?”

இந்தப் பாடத்தில் நான் சொல்லித்தர நினைத்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். காத்திருப்பைத் தவிர்க்கப் பணம் வாங்க வேண்டும் என்றால், முதலில் காத்திருப்பை உண்டாக்க வேண்டும். ஒருமுறை விற்கப்படும் விளையாட்டில் அலுப்பு ஒரு குறை. முடிவில்லா விளையாட்டிலோ பல நேரம் அந்த அலுப்புதான் சரக்கு.

கைபேசி விளையாட்டே கூடாது என்று சொல்வதால் பயன் இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஆடும் மகிழ்ச்சி உண்மையானது. அதை நாம் மறுத்தால் மாணவர்கள் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். என் வகுப்புச் சுவரில் மூன்று கேள்விகளை மாணவர்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இந்த விளையாட்டு முடியுமா? நான் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கும்? கம்பெனி நாளைக்கு மூடினால் என்னிடம் என்ன மிஞ்சும்? எந்த விளையாட்டைப் பதிவிறக்கும் முன்பும் இவற்றை வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ படித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வகுப்பு ஒப்பந்தம். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். நான்காவது கேள்வி ஒன்றை உங்கள் மாணவர்கள் சேர்த்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.