காற்றில் கூடும் கரியும் பயிரின் கதியும்



காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் ரொட்டிக்குச் சம்பல் இடிக்கிறோம். அதில் போடும் சின்ன வெங்காயத்தில் ஒரு பங்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண்ணில் விளைந்து வருவது. நம்ம மலைக்கும் அந்தச் சமதரைக்கும் தூரம் அதிகம். ஆனால் இரண்டு இடத்துக்கும் காற்று ஒன்றுதான். நகரங்கள் வளர வளர அந்தக் காற்றில் கரி கூடிக்கொண்டே போகிறது. அது செடிகொடிகளை என்ன செய்கிறது என்று இந்த இதழ்ப் பாடத்தில் பார்ப்போம். யாழ்ப்பாணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே இந்த விஷயம் பளிச்சென்று விளங்கும்.

செடி எதைச் சாப்பிடுகிறது?

"மண்ணைத்தான்" என்று சொல்லுவோம். அது பாதிதான் சரி. மண்ணிலிருந்து செடி எடுப்பது தண்ணீரும் உரச்சத்தும். உடம்பை வளர்க்கும் மாப்பொருளுக்கு வேண்டிய கரியை அது காற்றிலிருந்து எடுக்கிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துவாரங்கள் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு இலைவாய் என்று பேர். அந்த வழியாகக் காபனீரொட்சைட்டு என்ற வாயு உள்ளே போகிறது. வேர் கொண்டுவந்த தண்ணீரோடு அதைச் சேர்த்து, வெயிலின் பலத்தில் இலை சமையல் செய்கிறது. இதுதான் ஒளித்தொகுப்பு. நாம் எடுக்கிற கொழுந்தும், பனையின் நுங்கும், நெல்லின் அரிசியும் இப்படி வந்தவைதான்.

பெற்றோல், டீசல், நிலக்கரி, விறகு எதை எரித்தாலும் அதே வாயு வெளியே வரும். விறகுக்கு மட்டும் ஒரு வித்தியாசம். வெட்டின மரத்துக்குப் பதிலாக இன்னொன்று வளர்ந்தால், போனதை அது திரும்ப இழுத்துக்கொள்ளும். நிலக்கரியும் எண்ணெயும் அப்படியல்ல. கோடிக்கணக்கான வருஷம் பூமிக்குள் கிடந்ததை எடுத்து எரிக்கிறோம். அது காற்றுக்குப் புதுச் சுமை.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் இந்த வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார்கள். அப்போது காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஆலைகளும் இயந்திரங்களும் வருவதற்கு முந்தி 280 அளவுதான்.

அப்ப செடிக்கு நல்லதுதானே?

நியாயமான கேள்வி. சாப்பாடு கூடினால் செடி கொழுக்க வேண்டும் அல்லவா? ஓரளவுக்கு உண்மைதான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இந்த வாயுவை 600 பங்கு அளவுக்குக் கூட்டிக் கொடுத்துத் தேயிலையை வளர்த்துப் பார்த்தார்கள். கொழுந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது. நெல்லும் வெங்காயமும் இதே இனந்தான். குரக்கன், சோளம், கரும்பு வேறு மாதிரி. அவற்றுக்கு இதனால் பெரிய இலாபமில்லை.

ஆனால் அளவு கூடினால் சத்தும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜப்பானிலும் சீனாவிலும் வயலிலேயே இந்த வாயுவைக் கூட்டிக் கொடுத்து நெல் விளைவித்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, அந்த அரிசியில் புரதம் 10 வீதமும், இரும்புச் சத்து 8 வீதமும், சிங்க் சத்து 5 வீதமும் சராசரியாகக் குறைந்திருந்தன. தட்டில் சோறு அதே அளவுதான். உடம்பில் சேருவது குறைவு. இரத்தச்சோகையால் களைத்துப்போகும் பெண்கள் நம்ம லயங்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இன்னொன்று, இந்த வாயு போர்வை மாதிரி பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. சூடு கூடினால், தண்ணீரை மிச்சப்படுத்தச் செடி இலைவாயை மூடிக்கொள்ளும். வாசலில் சாப்பாடு குவிந்து கிடந்தும், கதவு சாத்தியிருந்தால் என்ன பிரயோசனம்? நெல் பூக்கிற நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மணி பிடிக்காமல் பதராகப் போவதும் உண்டு.

யாழ்ப்பாணத்து மண்ணுக்கு அடியில்

குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. கிணறு வெட்டி அதைத்தான் குடிக்கிறார்கள், அதைத்தான் இறைக்கிறார்கள். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்து வெங்காயமும் வாழையும் புகையிலையும் கிணற்றை நம்பின பயிர்கள்.

அந்த நல்ல தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. இதில் ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால், உப்பு 40 அடி ஏறி வரும்.

இப்போது மேலேயும் கீழேயும் நெருக்குகிறது. பூமி சூடாகிப் பனிமலைகள் உருகுவதாலும், கடல்நீர் சூட்டில் விரிவதாலும், 1900-க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் 20 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. குடாநாட்டின் பெரும்பகுதி கடலுக்கு மேலே 10 மீற்றர் உயரம்கூட இல்லை. வெயில் ஏற ஏறப் பயிருக்குத் தண்ணீரும் கூடுதலாக இறைக்க வேண்டும். உப்பு ஏறுவதற்குக் கரி மட்டும் காரணமில்லை. மோட்டார் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைப்பதும் காரணம். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. இலை நுனி கருகும். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். பனை ஓரளவு தாங்கும். ஆனால் யுத்த காலத்தில் எத்தனையோ பனைகள் அழிந்துபோயின. நட்ட பனை பலன் தரப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகும். சுருக்கமாகச் சொன்னால், இது இலைக்குக் கொடுத்துவிட்டு வேரிடம் பிடுங்கிக்கொள்கிற கதை.

நகரம் வளர்ந்தால்

உலகத்தில் மனிதரால் வெளியாகும் இந்த வகை வாயுக்களில், பத்தில் ஏழு பங்கு அளவு நகரங்களின் தேவைக்காக வருவது. நம் நாட்டின் பங்கு மிகச் சிறியது. யாழ்ப்பாணத்தின் பங்கு அதிலும் சிறியது. இருந்தாலும் 2009-ல் யுத்தம் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு, அங்கேயும் வாகனங்களும் கட்டடங்களும் பெருகின. கொங்கிறீற் போட்ட இடத்தில் மழை மண்ணுக்குள் இறங்காது. எண்ணெயின் கெடுதி புகையோடு நிற்பதுமில்லை. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரை அசுத்தப்படுத்திய வழக்கில், கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2019-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புகைக்கு எல்லைக்கல்லும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது இந்தியப் பக்கத்து அசுத்தக் காற்று இங்கே வந்து, யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு எல்லாம் மங்கிக் கிடந்தன. 9-ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்படிப்பட்ட புகைக்கரி இலையில் படிந்தால், வெயிலை மறைக்கும், இலைவாயையும் அடைக்கும்.

நம்ம மலைக்கு என்ன?

தேயிலைக்கு ஏற்ற வெப்பம் 22 பாகை அளவு. அதற்கு மேலே போகப் போக விளைச்சல் இறங்கும். வாயுவால் வரும் இலாபத்தை வெயிலும் வரட்சியும் தின்றுவிடும். இரத்தினபுரி மாதிரிக் கீழ்நாட்டுத் தோட்டங்களுக்கு முதல் அடி. வரட்சியில் கொழுந்து இல்லை, கிலோ இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். எங்கேயோ ஒரு நகரத்தில் எரிகிற எண்ணெய், கடைசியில் நம்ம சம்பளத் துண்டிலும் கணக்குப் போடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய நகரங்களின் புகையை நாம் நிறுத்த முடியாது. அதை அரசாங்கங்களிடம் கேட்க வேண்டும், கேட்போம். நம்ம கைக்கு எட்டுவதும் உண்டு:

1. நிழல் மரங்களைக் காப்போம். வெட்டின மரத்துக்குப் பதில் மரம் நடுவோம்.

2. கவ்வாத்துக் குச்சி, இலைகளை எரிக்காமல் மண்ணுக்கு மூடாக்காகப் போடுவோம். ஈரம் நிற்கும்.

3. குப்பையை, முக்கியமாகப் பிளாஸ்டிக்கை, லயத்துப் பக்கம் கொளுத்த வேண்டாம்.

4. வாசலில் முருங்கை, பொன்னாங்காணி வைப்போம். சோற்றோடு கீரையும் சேர்ப்போம். சாப்பிட்ட உடனே தேத்தண்ணி வேண்டாம். அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

பிள்ளைகளே, செடி தன் உடம்பை வளர்க்கும் கரியை எங்கேயிருந்து எடுக்கிறது? உங்கள் டிவிசனில் பத்து வருஷத்துக்கு முந்தி வற்றாத பீலி எது, இப்போது வற்றுவது எது? தாத்தா, அப்பாயி, அம்மாயிகளிடம் கேட்டு எழுதி வையுங்கள். நம்ம மலையின் கணக்கை நாமே வைத்திருந்தால்தான், நாளைக்கு நியாயம் கேட்கிறபோது கையில் ஆதாரம் இருக்கும்.